ஒரு விரல் குறைவாக

பிப்ரவரி 6

அன்புள்ள நாத்தனாருக்கு,

அண்ணி எழுதுவது. நான் சுகம். ரத்த அழுத்தம் மாத்திரைக்குக் கட்டுப்பட்டு நடக்கிறது. உன் முழங்கால் எப்படி இருக்கிறது? மகனும் மருமகளும் நலமா?

உன் அண்ணன் போய் ஐந்து மாதம் ஆகப் போகிறது. இது அழுவதற்காக எழுதும் கடிதம் இல்லை. ஒரு தகவல் வேண்டும். போனில் கேட்டால் நீ ஊர்க்கதை எல்லாம் சொல்லிவிட்டு, கேட்டதை மட்டும் விட்டுவிடுவாய். அதனால் தாளில் கேட்கிறேன்.

புத்தாண்டு அன்று மூக்கு டாக்டர் வந்திருந்தார். காது, மூக்கு, தொண்டை மூன்றையும் பார்ப்பவர்தான். ஆனால் அவருடைய மூக்கைப் பார்த்தவர்கள் மற்ற இரண்டையும் மறந்துவிடுகிறார்கள். கூட கடிகாரக்காரரும் மருந்துக்கடைக்காரரும் வந்தார்கள். உனக்குத்தான் தெரியுமே, உன் அண்ணன் முப்பத்தொரு வருடமாக டிசம்பர் கடைசியில் பதினெட்டு வீட்டுக்கு பிளம்ஸ் ஊறப்போட்ட பிராந்தியைப் பரிசாகக் கொடுத்து வந்தார். போன டிசம்பரில் யாருக்கும் போகவில்லை. டாக்டர் காலி அலமாரியைப் பார்த்துச் சொன்னார்: "பாட்டில் கதை அவரோட முடிஞ்சுது. இந்தம்மா கையில ஜாடி கிடைச்சா கழுவிக் கவுத்து வெச்சிடுவாங்க."

மூன்று பேரும் சிரித்தார்கள். நான் டீ கொண்டுவந்து வைத்தேன். டாக்டருடைய டீயில் மட்டும் சர்க்கரை போடவில்லை.

அவர் சொன்னதில் உண்மை இல்லாமல் இல்லை. அந்த ஜாடிகளை முப்பத்தொரு வருடமும் நான் சமையலறைக்குள் விட்டதில்லை. ஸ்டோர் ரூமில்தான் போட்டுக்கொள்வார். பதினாலு வயதில் கான்வென்டில், மது அருந்தமாட்டேன் என்று அட்டையில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவள் நான். இன்றுவரை மீறவில்லை, இனியும் மீறப் போவதில்லை. ஆனால் என் வீட்டிலிருந்து போய்க்கொண்டிருந்த ஒரு பொருள் நின்றுபோனதற்கு என்னைக் காரணம் காட்டி மூன்று பேர் சிரிப்பதை நான் பொறுத்துக்கொள்ளப் போவதில்லை. இந்த டிசம்பரில் அந்தப் பதினெட்டு வீட்டுக்கும் பாட்டில் போகும். நான்தான் போடப் போகிறேன்.

அவருடைய நோட்டு கிடைத்துவிட்டது. அதில் இருப்பது மொத்தமே இவ்வளவுதான்: "பிளம்ஸ் நாலு கிலோ. பிராந்தி ஆறு பாட்டில். சர்க்கரை அலுமினிய டம்ளரால் ஏழு. இருட்டில் நூறு நாள்." சர்வேயராக ஊரையே சங்கிலி போட்டு அளந்த மனிதர், சர்க்கரையை டம்ளரில் அளந்திருக்கிறார்.

அந்த டம்ளர் உங்கள் அம்மா வீட்டிலிருந்து வந்தது. ஸ்டோர் ரூம் அலமாரியில்தான் எப்போதும் இருக்கும். இப்போது இல்லை. நீ இங்கே வந்திருந்த நாட்களில் உன் கண்ணில் பட்டதா? நினைவிருந்தால் எழுது.

உடம்பைப் பார்த்துக்கொள். மழையில் நனையாதே.

உன் அண்ணி


பிப்ரவரி 27

மதிப்புக்குரிய அண்ணிக்கு,

நமஸ்காரம். உங்கள் கடிதம் கண்டேன். முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. மாடி ஏறும்போது ஒவ்வொரு படிக்கும் ஒரு முறை எல்லாரையும் திட்டிக்கொள்கிறேன். மற்றபடி சௌக்கியம். நீங்கள் மாத்திரையை மறக்காமல் சாப்பிடுங்கள்.

அண்ணி, டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பது வருடம் உட்கார்ந்து எவ்வளவோ கேட்டிருக்கிறேன். ஆனால் எங்கள் அண்ணி பிராந்தி போடப் போகிறார் என்று யாராவது சொல்லியிருந்தால், "ராங் நம்பர்" என்று இணைப்பைத் துண்டித்திருப்பேன். உங்கள் கடிதத்தை மருமகளிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னேன். "அத்தை, இது நிஜமா அவங்க கையெழுத்துதானா?" என்றாள். "இவ்வளவு நேரா வேற யாரால வரி போட முடியும்?" என்றேன்.

எனக்கு நினைவிருப்பதைச் சொல்கிறேன். அண்ணன் ரொம்பப் பழுத்த பழம் வாங்க மாட்டார். விரலால் அழுத்தினால் கொஞ்சம் முரண்டு பிடிக்க வேண்டும் என்பார். பழத்தை வெட்டவும் மாட்டார், முள்கரண்டியால் சுற்றிக் குத்துவார், பழத்துக்குப் பன்னிரண்டு குத்து. முதல் பத்து நாள் தினமும் ஜாடியைப் புரட்டிவிட வேண்டும். குழந்தையைப் புரட்டிப் போடுவது போல என்பார். பிறகு தொடவே கூடாது.

இங்கே வெயில் ஏற ஆரம்பித்துவிட்டது. எதிர்வீட்டுக்காரி புது மிக்சி வாங்கியிருக்கிறாள். தெரு முழுக்க அதன் சத்தம்தான்.

மாத்திரை, மாத்திரை.

உங்கள் நாத்தனார்


ஏப்ரல் 20

அன்புள்ள நாத்தனாருக்கு,

நலமாக இருக்கிறேன், நீயும் அப்படியே இருக்க வேண்டும். உன் கடிதம் உபயோகமாக இருந்தது. பன்னிரண்டு குத்து என்பதை நோட்டில் சேர்த்துவிட்டேன். கேட்ட ஒன்றுக்கு மட்டும் பதில் இல்லை. மிக்சிச் சத்தத்தில் மறந்திருப்பாய்.

பிளம்ஸ் வர ஜூலை ஆகும். அதுவரை கை பழகட்டும் என்று ஆரஞ்சில் ஒரு சிறிய ஜாடி போட்டுப் பார்த்தேன். பிராந்தி வாங்க நானே போனேன். வரிசையில் எனக்கு முன்னால் நின்ற ஆறு ஆண்களும் என்னைப் பார்த்ததும் விலகி வழிவிட்டார்கள். மரியாதையா பயமா தெரியவில்லை. கடைக்காரர், "என்னம்மா, கை கால்ல தேய்க்கவா?" என்றார்.

"இல்லை. ஊறப்போட. ஒரு பாட்டில். ரசீது வேண்டும்."

"ரசீதா? இங்க வாங்கறவங்க எல்லாம் வாங்கினதையே மறைப்பாங்கம்மா. நீங்க என்னடான்னா அத்தாட்சி கேக்கறீங்க!"

பிழை திருத்துபவளாக இருபத்தாறு வருடம் அச்சகத்தில் வேலை பார்த்தவள், அத்தாட்சி இல்லாமல் எதையும் வீட்டுக்குள் கொண்டுவருவதில்லை என்று சொன்னேன். ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கொடுத்தார்.

அலுமினிய டம்ளர் கிடைக்காததால் சமையலறை எவர்சில்வர் டம்ளரில் சர்க்கரையை அளந்து போட்டேன். நாற்பது நாள் கழித்து வடிகட்டினேன். நான் ருசி பார்க்க முடியாது அல்லவா? மாடியில் குடியிருக்கும் பஸ் டிரைவரம்மாவைக் கூப்பிட்டேன். அவளுக்கு வார விடுமுறை அன்று மட்டும்தான் நாக்கு. வண்டி ஓட்டும் நாளில் ஒரு சொட்டும் தொடமாட்டாள். எனக்கு அது பிடித்திருந்தது. ஒரு ஸ்பூன் குடித்துவிட்டுக் கண்ணை மூடி யோசித்தாள்.

"அம்மா, தப்பா நெனைக்காதீங்க. இது இருமல் மருந்து. குடிச்சா சளி போயிடும். சந்தோஷம் வராது."

சர்க்கரை கூடிவிட்டது. டம்ளர் தெரியாமல் எவ்வளவு குறைப்பது என்றும் தெரியாது. ஜூலையிலிருந்து பிளம்ஸ் ஆறு வாரம்தான் வரும். ஜாடியில் நூறு நாள். தப்பாகப் போட்டால் திருத்த இரண்டாவது பழம் கிடையாது. மூக்கு டாக்டர் சொன்னது நிஜமாகிவிடும்.

வீடு முழுக்கத் தேடிவிட்டேன். கடைசியில் டிரைவரம்மாவையே கேட்டேன். போன வருடம் அவள் சாமான் சிலது நம் ஸ்டோர் ரூமில் இருந்தது. அதோடு தவறி மேலே வந்திருக்குமோ என்றுதான் கேட்டேன். "எங்க வீட்ல டம்ளர் இருக்கும்மா" என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போனாள். பதினொரு நாளாகக் கீழே வரவில்லை. காலையில் அவள் பூட்ஸ் சத்தம் வாசலைத் தாண்டிப் போகிறது, நிற்பதில்லை.

மறுபடியும் கேட்கிறேன். அந்த டம்ளரை நீ பார்த்தாயா?

முழங்காலுக்கு நல்ல டாக்டரிடம் காட்டு.

உன் அண்ணி


மே 9

மதிப்புக்குரிய அண்ணிக்கு,

நமஸ்காரம். நலம். நலம் அறிய ஆவல்.

டிரைவரம்மாவை ஏன் கேட்டீர்கள்? அவர் எடுத்திருக்க மாட்டார். எனக்கு நிச்சயமாகத் தெரியும். தயவுசெய்து அவரிடம் சமாதானமாகப் பேசிவிடுங்கள்.

பழைய டம்ளர்தானே, எத்தனையோ சாமானோடு எங்காவது போயிருக்கும். சர்க்கரையைக் கொஞ்சம் குறைத்துப் போட்டுப் பாருங்கள்.

கண் கொஞ்சம் எரிகிறது, அதனால் இதோடு நிறுத்துகிறேன்.

உங்கள் நாத்தனார்


ஜூன் 18

அன்புள்ள நாத்தனாருக்கு,

சுகம். உன் கண் எரிச்சல் தணிந்திருக்கும் என்று நம்புகிறேன்.

நீ சொன்னபடி செய்தேன். பத்தொன்பது படி ஏறி மாடிக்குப் போனேன். அந்த வீட்டை அவளுக்கு வாடகைக்கு விட்ட நாளிலிருந்து நான் ஏறியதில்லை. டிரைவரம்மா சீருடைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். "நான் கேட்டது தப்பு. மன்னிக்க வேண்டும்" என்றேன். எழுபத்தாறு வயதில் அந்த வாக்கியம் தொண்டையில் எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது.

அவள் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, "உக்காருங்கம்மா. மூச்சு வாங்குது உங்களுக்கு. பஸ்ல தினம் முன்னூறு பேரு என்னைத் திட்டறாங்க, ஒருத்தராவது படி ஏறி வந்து மன்னிப்பு கேட்டிருப்பாங்களா?" என்றாள். எனக்குத் தண்ணீர் கொடுத்தாள், அவளுடைய டம்ளரில். அதை நான் பார்க்க வேண்டும் என்று கொஞ்சம் தூக்கிப் பிடித்தே கொடுத்தாள். சிரித்துவிட்டோம்.

ஒரு இரவு ரயில் தூரத்தில் இருக்கும் உனக்கு, அவள் எடுக்கவில்லை என்று எப்படி நிச்சயமாகத் தெரியும் என்று நான் கேட்கவில்லை. இனி டம்ளரைப் பற்றி யாரையும் கேட்கப் போவதும் இல்லை. டம்ளர் இல்லாமலே அதை அளந்துவிட்டேன்.

எப்படி என்று கேள். ஸ்டோர் ரூம் அலமாரியின் மரத்தட்டில் அந்த டம்ளர் முப்பது வருடம் ஒரே இடத்தில் நின்ற வட்டம் இருக்கிறது. அடிப்பாகத்தின் அகலம் ஐந்து புள்ளி ஆறு சென்டிமீட்டர். பிறகு ஒரு புகைப்படம் கிடைத்தது. மூன்று வருடத்துக்கு முன் கடிகாரக்காரர் எடுத்தது. உன் அண்ணன் கரண்டியைப் பிடித்துக்கொண்டு செங்கோல் பிடித்தவர் மாதிரி நிற்கிறார். மேஜை மேல் பிராந்தி பாட்டிலும் பக்கத்தில் டம்ளரும். அதே பாட்டில் என்னிடம் இருக்கிறது. படத்தைவிட நிஜம் ஐந்து மடங்கு. ஆக, டம்ளர் உயரம் ஒன்பது, வாய் அகலம் ஏழு. கான்வென்டில் எங்களுக்குக் கணக்கு எடுத்த சிஸ்டர், கூம்பின் இடைக்கண்டத்துக்குக் கனஅளவு காணும் சூத்திரத்தை நூறு முறை எழுதவைத்தார். "இது வாழ்க்கையில் எதற்கு உதவும்?" என்று கேட்டதற்காக எனக்கு மட்டும் இருநூறு முறை. அறுபது வருடம் கழித்து உதவிவிட்டது. இருநூற்று எண்பத்திரண்டு மில்லி.

ஜூலை பத்தாம் தேதி நாலு கிலோ பிளம்ஸ் தருவதாகப் பழக்கடைக்காரர் சொல்லியிருக்கிறார். அன்றே ஏழு முறை இருநூற்று எண்பத்திரண்டு மில்லி சர்க்கரை விழும்.

வேறு விசேஷம் இல்லை. குடும்பத்தாரைக் கேட்டதாகச் சொல்.

உன் அண்ணி


ஜூலை 3

(அவசரத் தபால் அட்டை)

அண்ணிக்கு நமஸ்காரம். விளிம்பு வரை நிரப்பினால் இருநூற்று எழுபது மில்லிதான். மூன்று முறை அளந்தாயிற்று. ஆனால் அண்ணன் விளிம்பு வரை நிரப்ப மாட்டார். எப்போதும் ஒரு விரல் குறைவாக. அதைத் தள்ளாமல் போட்டுவிடாதீர்கள். உடம்பு தேவலை.

நாத்தனார்


ஜூலை 12

அன்புள்ள நாத்தனாருக்கு,

நலம். உன் அட்டை எட்டாம் தேதி வந்தது. பழம் வர இரண்டு நாள் இருந்தது. தபால்காரருக்கு டீ கொடுத்தேன், சர்க்கரை போட்டு.

அந்த அட்டை எந்த மேஜையில், எதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதப்பட்டது என்று அதில் இல்லை. நானும் கேட்கவில்லை. எனக்கு இரண்டே சந்தேகம்.

முதல் சந்தேகம்: யாருடைய விரல்? உன் விரலா, அவருடைய விரலா? எழுதிக் கேட்க நேரம் இல்லை. பீரோவிலிருந்து அவர் மோதிரத்தை எடுத்து உள்ளகலம் பார்த்தேன். ஒன்று புள்ளி ஒன்பது சென்டிமீட்டர். மோதிரத்தை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு கணக்கைப் போட்டேன். ஒரு விரலுக்கு எழுபது மில்லி. கழித்தால் சரியாக இருநூறு. பார்த்தாயா! ஊரை அளந்தவர் தப்பாக அளக்கவில்லை. அளவை யாருக்கும் சொல்லாமல் போனதுதான் தப்பு.

இரண்டாவது சந்தேகம்: என் கணக்குக்கும் உன் கணக்குக்கும் பன்னிரண்டு மில்லி வித்தியாசம். சூத்திரம் தப்பாது. டம்ளரில் படத்தில் தெரியாத நசுங்கல் இருக்க வேண்டும். பன்னிரண்டு மில்லி விழுங்கும் நசுங்கல் சாதாரண நசுங்கல் இல்லை. இதற்கு விளக்கம் வேண்டும்.

இன்று ஜாடி போட்டாயிற்று. டிரைவரம்மா லீவு போட்டு வந்தாள். நாலு கிலோவில் எழுபத்து மூன்று பழம். பழத்துக்குப் பன்னிரண்டு குத்து. அறுபதாவது பழத்தில், "அம்மா, நான் எண்ணறத விட்டுட்டேன், பன்னெண்டு பதிமூணு ஆனா கேஸ் போடுவாங்களா?" என்றாள். போடுவார்கள் என்றேன். நாலு ஜாடிகளிலும் சர்க்கரை மெல்ல இறங்குகிறது. இந்த முறை ஜாடி போட்ட இடம் சமையலறை.

உன் அண்ணி


செப்டம்பர் 14

மதிப்புக்குரிய அண்ணிக்கு,

நமஸ்காரம். இன்றோடு ஒரு வருடம். நீங்கள் அழ மாட்டீர்கள் என்று தெரியும், அதனால் உங்களுக்கும் சேர்த்துக் காலையிலேயே அழுதுவிட்டேன். நவம்பரில் முழங்காலில் ஆபரேஷன் என்று சொல்லிவிட்டார்கள். பயம் ஒன்றும் இல்லை. பயம் வேறு விஷயத்தில்தான். அதை இன்று எழுதாவிட்டால் நான் மனுஷி இல்லை.

டம்ளர் என்னிடம்தான் இருக்கிறது.

காரியம் முடிந்து நான் ஊருக்குத் திரும்பிய அன்று நீங்கள் கூடத்தில் உட்கார்ந்து பட்டியல் போட்டுக்கொண்டிருந்தீர்கள். கைக்கடிகாரம் என் மகனுக்கு, அளக்கும் கருவிகள் அவருடைய ஆபீசுக்கு, புத்தகங்கள் நூலகத்துக்கு. எனக்கு ஒரு கம்பளிச் சால்வை. நல்ல சால்வைதான், குறை சொல்லவில்லை. ஆனால் நீங்கள் வாசித்துக்கொண்டே போனபோது, "உனக்கு என்ன வேணும்?" என்று நிமிர்ந்து கேட்பீர்கள் என்று காத்திருந்தேன். அடுத்த வரிக்குப் போய்விட்டீர்கள். ஸ்டோர் ரூமில் பை எடுக்கப் போனவள், அதை எடுத்துச் சால்வைக்குள் சுற்றிக்கொண்டேன். ஸ்பூனைக்கூட எண்ணி வைக்கும் அண்ணியிடம் எப்படிச் சொல்வேன்? பிறகு ஒவ்வொரு கடிதத்திலும் நீங்கள் கேட்கக் கேட்க, இன்னும் சொல்ல முடியாமல் போயிற்று. என்னால் டிரைவரம்மா பேச்சு வாங்கினார் என்று படித்தபோது இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை.

அது எங்கள் வீட்டுப் பால் டம்ளர். எனக்கு எட்டு வயதில் நாலு மாதம் காய்ச்சல். மாடி அறையில் படுக்கை. அண்ணன் தினமும் இரண்டு வேளை பால் கொண்டுவருவார். படியில் சிந்தினால் அம்மா அடிப்பாள் என்று ஒரு விரல் குறைவாக நிரப்பிக்கொண்டு வருவார். அந்தப் பழக்கம் அப்புறம் அவருக்குப் போகவே இல்லை. எதை எடுத்தாலும், யாருக்கு ஊற்றினாலும் ஒரு விரல் குறைத்துத்தான். இது எனக்கு மட்டும்தான் தெரியும். அதனால்தான் அந்த அட்டையை எழுதினேன். நீங்கள் தோற்றுப்போக நான் சம்மதிக்க முடியாது.

நீங்கள் சொன்னால் நாளைக்கே பார்சலில் அனுப்பிவிடுகிறேன். என்னைக் கோபித்துக்கொள்ளுங்கள், ஆனால் எழுதாமல் இருந்துவிடாதீர்கள்.

உங்கள் நாத்தனார்


அக்டோபர் 25

அன்புள்ள நாத்தனாருக்கு,

சுகமே. ஆறு வாரமாக நான் எழுதாததைக் கோபம் என்று எடுத்துக்கொண்டிருப்பாய். கோபம் இல்லை. நாலு தாளை எழுதி எழுதிக் கிழித்தேன். இத்தனை திருத்தம் என் வேலையில் எனக்கே நேர்ந்ததில்லை.

ஸ்டோர் ரூம் தட்டில் அந்த வட்டத்தைப் பார்த்த அன்றே எனக்குத் தெரிந்துவிட்டது. மற்றவர்கள் எடுத்தால் பக்கத்தில் இருந்த பித்தளைக் குவளையை எடுத்திருப்பார்கள். அலுமினியத்தை எடுக்க அதன் அருமை தெரிந்தவளால்தான் முடியும்.

அந்தப் பட்டியலை எடுத்துப் பார்த்தேன். நாற்பத்தியொரு வரி. அலுமினிய டம்ளர் இல்லை. உனக்கு என்ன வேண்டும் என்ற கேள்வியும் இல்லை. நிமிர்ந்தால் உன் முகத்தில் அவர் ஜாடை தெரியும் என்றுதான் அன்று நிமிராமல் வாசித்தேன். அது காரணம்தான், சமாதானம் ஆகாது. விடுபட்டது என் பிழை. ஓரத்தில் குறி போட்டு, நாற்பத்திரண்டாவது வரியாகச் சேர்த்துவிட்டேன்: "அலுமினிய டம்ளர் — தங்கைக்கு." தேதியும் பழைய தேதிதான். ஆகவே நீ எடுத்தது உன் பொருளை. அனுப்பாதே.

இனி முக்கியமான விஷயம். ஐந்து நாளுக்கு முன் நூறு நாள் முடிந்தது. வெள்ளைத் துணியில் மூன்று முறை வடிகட்டினேன். ஜன்னலுக்கு எதிரே பிடித்தால் உள்ளே விளக்கு ஏற்றி வைத்தது போலச் சிவப்பு. விடுமுறை நாளுக்காக நாலு நாள் காத்திருந்து நேற்று டிரைவரம்மாவைக் கூப்பிட்டேன். ஒரு ஸ்பூன். கண்ணை மூடினாள். வெகுநேரம் திறக்கவில்லை.

"என்ன? இருமல் மருந்தா?" என்றேன்.

"சும்மா இருங்கம்மா, இன்னும் போயிட்டிருக்கு" என்றாள்.

பிறகு ஸ்பூனைக் கழுவாமல் மறுபடியும் நீட்டினாள். ஒரே ஸ்பூன்தான் பேச்சு என்று மறுத்துவிட்டேன். இன்னும் இரண்டு மாதம் சின்னச் சின்ன பாட்டில்களில் ஓய்வெடுக்க வேண்டும்.

ஆபரேஷன் முடிந்ததும் யாரையாவது விட்டு எழுதச் சொல். நடக்கச் சொன்னால் நட, அடம்பிடிக்காதே.

உன் அண்ணி

பி.கு. பன்னிரண்டு மில்லிக்கு இன்னும் விளக்கம் வரவில்லை.


டிசம்பர் 30

அன்புள்ள நாத்தனாருக்கு,

நான் நலம். நலத்துக்கும் மேலே. நீ கைத்தடி இல்லாமல் வராந்தா வரை நடந்ததாக உன் மருமகள் எழுதியிருந்தாள். அந்தப் பெண் அழகாக எழுதுகிறாள், நிறுத்தக்குறிகள் ஒழுங்காக இருக்கின்றன.

நேற்று பதினெட்டு வீட்டுக்கும் போய்வந்தோம். டிரைவரம்மாதான் பெட்டியைத் தூக்கினாள். பஸ்ஸுக்குப் போடுவது போல ரூட் போட்டிருந்தாள். எந்த வீட்டிலும் நாலு நிமிடத்துக்கு மேல் நிற்கக் கூடாது. தையல்கடைக்காரர் பாட்டிலை வாங்கி, வேட்டி நுனியால் துடைத்து அலமாரியில் வைத்தார். ரிடையர்டு நர்ஸ் என் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. "அம்மா, டயம் ஆச்சு, பின்னாடி வண்டி நிக்குது" என்று டிரைவரம்மா குரல் கொடுத்த பிறகுதான் விட்டார்.

மூக்கு டாக்டர் வீட்டைக் கடைசி ஸ்டாப்பாக நான்தான் வைக்கச் சொன்னேன். ஆறு மணிக்கு அவர் வீட்டில் கடிகாரக்காரரும் மருந்துக்கடைக்காரரும் சீட்டாட வருவார்கள் என்று எனக்குத் தெரியும். மூன்று பேரும் இருந்தார்கள். பாட்டிலை மேஜையில் வைத்தேன். சீட்டு நின்றது.

டாக்டர் மூடியைத் திறந்து மூக்கை வைத்தார். எடுத்தார். மறுபடியும் வைத்தார். கொஞ்சம் ஊற்றிக் குடித்தார். அவர் முகத்தை நான் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு வருடம் உழைத்தவளுக்கு அந்த உரிமை உண்டு.

"இது அவர் போட்டது" என்றார். குரல் இறங்கியிருந்தது. "எங்கேயோ மிச்சம் இருந்திருக்கு. இதை எனக்குக் குடுக்கலாமாம்மா? நீங்களே வெச்சுக்கணும்."

"மிச்சம் இல்லை. பழம் ஜூலையில் வந்தது."

"அப்ப யார் போட்டா?"

"லேபிளில் இருக்கிறது. கண் டாக்டர்தான் படிக்க வேண்டும் என்று இல்லை."

கண்ணாடியை மாட்டிக்கொண்டு சத்தமாகப் படித்தார்: "பிளம்ஸ் பிராந்தி. தயாரித்தவர்கள், அண்ணியும் நாத்தனாரும். சுவைத்துச் சரி என்றவர், மாடி வீட்டு டிரைவர்."

கடிகாரக்காரர் எழுந்து கை தட்டினார். டாக்டர் பாட்டில் மூடியைத் திருகி மூடினார். பிறகு, "போன புத்தாண்டுக்கு நான் ஒண்ணு சொன்னேன். வாபஸ் வாங்கிக்கறேன்மா" என்றார்.

"எழுத்தில் கொடுங்கள்" என்றேன்.

விளையாட்டு என்று நினைத்தார். நான் நின்றுகொண்டே இருந்தேன். மருந்துச் சீட்டுப் புத்தகத்தை எடுத்து ஒரு வரி கிறுக்கி, கையெழுத்துப் போட்டு, முத்திரையும் வைத்துக் கொடுத்தார். என்ன எழுதியிருக்கிறது என்று எங்களில் ஒருவருக்கும் புரியவில்லை. மருந்துக்கடைக்காரர்தான் வாங்கி வாசித்தார்: "நான் சொன்னது தவறு. அவரைவிட ஒரு படி மேல்." அந்தக் கையெழுத்தை முப்பது வருடமாகப் படித்து மருந்து கொடுப்பவர், பிழையிருக்காது. சீட்டை உன் அண்ணன் படத்துக்குக் கீழே மாட்டியிருக்கிறேன். அவரும் படித்துக்கொள்ளட்டும்.

நான் ருசி பார்த்தேனா என்று கேட்பாய். இல்லை. கையெழுத்துப் போட்டது போட்டதுதான். தேவையும் இல்லை, கணக்கு சரி.

பத்தொன்பதாவது பாட்டில் உனக்குப் பார்சலில் வருகிறது. வலி மாத்திரை நின்ற பிறகு குடி.

உன் அண்ணி


ஜனவரி 9

மதிப்புக்குரிய அண்ணிக்கு,

நமஸ்காரம். நான் இப்போது தெருமுனை வரை நடக்கிறேன். எதிர்வீட்டு மிக்சி ரிப்பேர். இரண்டும் ஒரே வாரத்தில் நடந்தது, எனக்கு நல்ல காலம்.

பாட்டில் வந்தது. திறக்கவில்லை முதலில். லேபிளை மூன்று முறை படித்தேன். மருமகள், "அத்தை, நீங்க ஒண்ணும் பண்ணலையே, ஒரு அட்டைதானே போட்டீங்க?" என்றாள். "அந்த அட்டை இல்லேன்னா அது இருமல் மருந்துடி" என்றேன்.

நேற்று டாக்டர் மாத்திரையை நிறுத்திவிட்டார். சாயங்காலம் டம்ளரைக் கழுவித் துடைத்து ஊற்றினேன். ஒரு விரல் குறைவாக அல்ல, அண்ணி, பயப்படாதீர்கள். அடியில் ஒரு விரல் அளவு. வாசலில் உட்கார்ந்து மெதுவாகக் குடித்தேன். மூக்கு டாக்டர் எழுதிக் கொடுத்தது சரி. அண்ணனுடையதில் கடைசியில் ஒரு சின்னக் கசப்பு இருக்கும். பழத்தை வடிகட்ட அவருக்குப் பொறுமை இருக்காது, ஒரே முறையோடு விட்டுவிடுவார். உங்களுடையதில் அது இல்லை.

அந்தப் பன்னிரண்டு மில்லி என் வேலை. காய்ச்சல் விட்டு உடம்பு தேறின பிறகும் பால்தான் என்று அண்ணன் கொண்டுவந்து நின்றார். வேண்டாம் என்றேன். குடித்தே ஆக வேண்டும் என்றார். பாலோடு சேர்த்து டம்ளரை அவர் தலையில் எறிந்தேன். நசுங்கிவிட்டது.

உங்கள் நாத்தனார்


ஜனவரி 16

அன்புள்ள நாத்தனாருக்கு,

சுகம். உன் விளக்கம் கிடைத்தது. ஏற்றுக்கொள்கிறேன். சூத்திரத்தில் பிழை இல்லை என்பது நிரூபணமாகிவிட்டது.

தலை நசுங்காமல் டம்ளர் நசுங்கியது என்பதில் எனக்கு ஆச்சரியம் இல்லை. நாற்பத்தெட்டு வருடம் அந்தத் தலையோடு குடித்தனம் நடத்தியவள் நான்.

ஜூலையில் வா. டம்ளரோடு வா. நீயே அளந்து போடு.

உன் அண்ணி